கிளிப்பச்சைக் கட்டம்

சிவகாசியில் வீடு வாங்கப் போகிறவர் தன்னோடு மூன்று பேரை அழைத்துப் போவார். வாசல் எந்தத் திசை என்று பார்க்க ஒரு ஜோசியர், சுவரைத் தட்டிப் பார்க்க ஒரு கொத்தனார், விலையைக் குறைக்க ஒரு மச்சான். இந்த மூவரும் பார்த்து முடித்த வீட்டுக்குள் நான்காவதாக ஒருவன் வந்து, "நான் வீட்டைப் பரிசோதிக்கிறவன், இதற்கென்றே படித்தவன்" என்று சொன்னால் என்ன மரியாதை கிடைக்கும்? அந்த மரியாதைதான் செழியனுக்கு முதல் வருஷம் முழுக்கக் கிடைத்தது.

செழியன் சிவில் இன்ஜினியர். பெங்களூரில் ஒரு கம்பெனியில், வீடு வாங்குகிறவர்களுக்காக அந்த வீட்டை மொட்டை மாடியிலிருந்து கழிவுத்தொட்டி வரை சோதித்து ரிப்போர்ட் எழுதிக் கொடுக்கிற வேலையில் இருந்தவன். அப்பா இறந்த பிறகு அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் ஊருக்கே வந்துவிட்டான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையைப் பிடித்து 'வீட்டுப் பரிசோதகர்' என்று போர்டும் மாட்டினான். போர்டைப் பார்த்து முதலில் ஏறி வந்தவர், வீட்டில் யாரோ செய்வினை வைத்திருக்கிறார்கள், எந்த மூலை என்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அடுத்து வந்தவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, "சுகர் டெஸ்ட்டுக்கு எம்புட்டு?" என்றார்.

செழியனுக்குக் கோபம் வரவில்லை, யோசனை வந்தது. தன் வீட்டில் குறை இருக்கிறது என்று அடுத்தவன் சொன்னால் எவனும் நம்ப மாட்டான். தானே கண்டுபிடித்தால் நம்புவான், அன்றைக்குத் தூங்கவும் மாட்டான். அப்படியானால் அவனே கண்டுபிடிக்கட்டும்.

வடக்கே ஒரு கம்பெனியிலிருந்து தண்ணீர் சோதிக்கிற காகிதப் பட்டைகளை மொத்தமாக வரவழைத்தான். சுண்டுவிரல் நீளப் பட்டை. வீட்டுத் தண்ணீரில் முக்கி எடுத்தால் நுனி நிறம் மாறும். அந்த நிறத்தை ஓர் அட்டையில் இருக்கிற நான்கு கட்டங்களோடு வைத்துப் பார்க்க வேண்டும். முதல் கட்டம் நல்ல தண்ணீர், இரண்டாவது சுமார், மூன்றாவது கவனம், நான்காவது ஆபத்து. அடியில் செழியனின் போன் நம்பர். பட்டையையும் அட்டையையும் சின்ன உறையில் போட்டு ஊருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்துவிட்டால், நிறத்தைப் பார்த்துப் பயந்தவர் தானாகக் கூப்பிடுவார். தண்ணீரைப் பார்க்கப் போன இடத்தில் கூரை, சுவர், கரண்டு லைன் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்பது அவன் கணக்கு.

அட்டை அடித்துத் தரும் பொறுப்பைத் தாய்மாமா லட்சுமிகாந்தம் ஏற்றுக்கொண்டார். அவருக்குச் சொந்தமாகக் காலண்டர் அச்சகம் இருந்தது. சாமி படம் என்றால் அவர் பிரஸ்தான். அங்கே அச்சான முருகன் ஒருவர்கூட ரத்தசோகையோடு வெளியே வந்ததில்லை. கன்னம் சிவந்து, மயில் மினுமினுத்து, சாமி சுவரை விட்டு இறங்கி வருவார் போல இருக்கும்.

செழியன் கம்பெனி அனுப்பிய மாதிரி அட்டையை அவரிடம் நீட்டினான். மாமா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பாசி படிந்த பச்சை, மங்கல் மஞ்சள், அதற்கடுத்து ஒரு சாணி நிறம், கடைசியில் காய்ந்த செம்மண்.

"என்னலே இது, வெயில்ல கெடந்த சீலை கணக்கா வெளுத்துக் கெடக்கு?"

"அது அப்படித்தான் இருக்கணும் மாமா. இதே கலர் வரணும்."

"சரிலே, மாமன் பாத்துக்கிடுதேன். நீ உன் சோலியப் பாரு."

மாமா பார்த்துக்கொண்டார். அது ஆடி மாதம். ஆடிப் பதினெட்டுக்கு கடைக்காரர்களுக்குக் காட்ட அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் போட்டாக வேண்டும் என்று பிரஸ்ஸே பரபரத்துக்கொண்டிருந்த நேரம். அட்டைக்கென்று தனியாக மெஷினை நிறுத்த முடியுமா? காலண்டர் தாளின் ஓரத்தில் வெட்டி எறிகிற இடம் கொஞ்சம் இருந்தது. அட்டையை அங்கே ஏற்றி, சாமியோடு சாமியாக ஓட்டிவிட்டார். சிவகாசியில் தாள் வீணாவதைப் பார்த்துக்கொண்டிருக்க எவருக்கும் மனசு வராது.

செழியன் மதுரைக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் பட்டையும் அட்டையும் உறைக்குள் போய் ஒட்டியாகிவிட்டது. ஓர் உறையைப் பிரித்தான். நான்கு கட்டம் இருந்தது, போன் நம்பரும் சரியாக இருந்தது. பழைய மாதிரியை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் தாய்மாமா செய்துகொடுத்த வேலையைச் சரிபார்ப்பது என்பது அந்தக் குடும்பத்தில் அவர் போட்ட மோதிரத்தை உரசிப் பார்ப்பதற்குச் சமம். "ரொம்ப நல்லா வந்திருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு உறைகளை ஆட்டோவில் ஏற்றினான்.

தீபாவளி சீசனில் பட்டாசு வாங்கச் சுற்று வட்டாரமே சிவகாசிக்கு வருமல்லவா? கடை வைத்திருந்த சிநேகிதன் ஒருவன் ஒவ்வொரு பைக்குள்ளும் ஓர் உறையைப் போட்டுக் கொடுத்தான். தீபாவளி முடிந்ததுதான் தாமதம், செழியனின் போன் மத்தாப்புக் கொளுத்தினாற்போல் பொரிய ஆரம்பித்தது.

"சார், எங்க வீட்டுல மூணாவது கட்டம் காட்டுது!"

"தம்பி, பிள்ளைக குடிக்கிற தண்ணி தம்பி, கொஞ்சம் வந்து பாத்துருங்க."

எல்லா வீட்டிலும் மூன்றாவது கட்டம். செழியன் போவான், தன் மீட்டரை வைத்து அளப்பான். தண்ணீர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். "பயமில்ல, குடிக்கலாம்" என்று சொன்னதும் வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டுக் காப்பி கொடுப்பார். காப்பி குடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தால் கூரையில் ஒழுக்கு இருக்கும், சுவிட்சுக்கு எர்த் இருக்காது, போர்வெல்லுக்குப் பக்கத்திலேயே கழிவுத்தொட்டி இருக்கும். இதெல்லாம் நிஜமான குறைகள். அவன் ஒருவரையும் ஏமாற்றவில்லை. ஆனால் மீட்டர் நன்றாக இருக்கிறது என்று சொல்லும் தண்ணீரை அட்டை ஏன் கவனம் என்கிறது, அதுவும் எல்லா வீட்டிலும், என்று அவன் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. வியாபாரம் ஓடும்போது அது ஏன் ஓடுகிறது என்று நின்று யோசிக்கிற வழக்கம் அந்த ஊரில் இல்லை. அவனும் அந்த ஊர்க்காரன்தானே.

தொழில் நடக்கிறது என்று தெரிந்ததும் ஜாதகங்கள் வந்தன. அப்படி வந்தவள்தான் பிரீத்திகா. காரியாபட்டிப் பெண், கூட்டுறவு வங்கியில் வேலை. பெண் பார்க்கப் போன அன்று தனியாகப் பேசச் சொல்லி இருவரையும் மாடிக்கு அனுப்பினார்கள். அவள் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"வந்ததுலருந்து எங்க வீட்டையே பாத்துக்கிட்டு இருக்கீகளே, என்ன குறை?"

"கேக்காம சொல்றதில்லைங்க."

"இப்பக் கேட்டுட்டேன்ல?"

"மாடிப்படிக் கைப்பிடி ஆடுது. நீங்க வேகமா ஏறி வந்தீக, எனக்குப் பக்குன்னு ஆயிருச்சு."

அவள் சிரித்தாள். செழியனுக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஏதோ பார்த்தோம், பரவாயில்லை என்கிற பிடித்தம் இல்லை. இவள் இல்லையென்றால் இனி இன்னொரு வீட்டு மாடி ஏறப் போவதில்லை என்கிற பிடித்தம். அடுத்த நாளே அவள் கைப்பிடியை வெல்டிங் வைத்துச் சரிசெய்து, அதைப் படம் பிடித்து அவனுக்கு அனுப்பினாள். அதிலிருந்து தினமும் பேச்சுத்தான்.

பாக்கியிருந்தது ஒன்று. பெண் வீட்டார் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க வேண்டும். இதற்குப் பெண் வர மாட்டாள், பெரியவர்கள்தான் வருவார்கள். வீடு மனசுக்குப் பிடித்தால் இலை போடச் சொல்லிக் கை நனைப்பார்கள், அதாவது சாப்பிடுவார்கள். பிடிக்காவிட்டால் "இருக்கட்டும், இன்னொரு நாள் சாப்பிடுறோம்" என்று எழுந்துவிடுவார்கள். அந்த இன்னொரு நாள் எந்த வீட்டுக்கும் வந்ததில்லை.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பிரீத்திகாவின் அப்பா நல்லசிவம் வந்தார். எண்ணெய் வியாபாரி, அதிகம் பேசாதவர். அவருக்கும் சேர்த்துப் பேசுவதற்கு அவருடைய அக்கா முத்துச்செல்வி வந்திருந்தாள். தாயில்லாப் பிள்ளையான பிரீத்திகாவை வளர்த்தவள் இந்த அத்தைதான், ஆகையால் முடிவும் அவள் கையில்தான். மாப்பிள்ளை பக்கத்துப் பெரிய மனுஷராக லட்சுமிகாந்தம் மாமா சட்டைக் கஞ்சி மொடமொடக்க உட்கார்ந்திருந்தார். அடுப்படியில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.

"வாங்க மதினி, வாங்க அண்ணாச்சி. வெயில்ல வந்திருக்கீக, மொதல்ல தண்ணி குடிங்க" என்று அம்மா வெள்ளிச் சொம்பை நீட்டினாள்.

முத்துச்செல்வி சொம்பை வாங்கினாள். வாயில் வைக்கவில்லை. கைப்பையைத் திறந்து ஓர் உறையை எடுத்தாள். அந்த உறையைப் பார்த்ததும் செழியனுக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது.

"குத்தமா எடுத்துக்கிடாதீக மதினி. எங்க பிள்ளை வந்து குடிக்கப்போற தண்ணி. பட்டாசுக் கடையில இதக் குடுத்தாக. அன்னையிலருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் பாத்துருறது."

"தாராளமாப் பாருங்க!" என்று முந்திக்கொண்டார் மாமா. "இது நம்ம செழியன் போட்ட உறைதான். அட்டை நம்ம பிரஸ்ல அடிச்சது. அந்தப் பச்சையப் பாருங்க அண்ணாச்சி, கண்ணுல ஒத்திக்கிடலாம்."

அப்போதுதான் செழியனுக்கு ஒன்று உறைத்தது. ஊர்பூராவும் கொடுத்த உறையில் ஒன்றைக்கூடத் தன் வீட்டில் அவன் பிரித்துப் பார்த்ததில்லை. மீட்டர் வைத்து அளந்திருக்கிறான், தண்ணீர் நன்றாக இருக்கிறது, அதோடு விட்டுவிட்டான்.

அத்தை பட்டையைச் சொம்பில் முக்கி எடுத்து, உதறி, அட்டையின் மேல் வைத்தாள். நுனி பாசிப் பச்சையாக மாறியிருந்தது. முதல் கட்டத்தில் வைத்துப் பார்த்தாள், சேரவில்லை. இரண்டாவதிலும் சேரவில்லை. எதிலும் சேராத நிறத்தைப் பார்த்தால் மனுஷ மனசு பயத்தின் பக்கம்தான் சாயும். பட்டை மூன்றாவது கட்டத்தில் போய் நின்றது.

"கவனம்" என்று அத்தை வாய்விட்டுப் படித்தாள்.

அடுப்படியில் குழம்பு கொதிக்கிற சத்தம் கூடத்தில் கேட்டது.

"எங்க வீட்டுத் தண்ணியவா?" அம்மாவுக்குக் குரல் உயர்ந்தது. "இந்தத் தண்ணியில கொளம்பு வச்சா தெருவே மணக்கும் மதினி!"

"மணக்கட்டும் மதினி. சாத்தூர்ல ஒரு வீடு பாத்தோம், இதே கட்டம். அச்சங்குளத்துல ஒரு வீடு பாத்தோம், அங்கனயும் இதே கட்டம். ரெண்டையும் வேண்டாம்னு எந்திரிச்சு வந்துட்டோம். உங்களுக்குன்னு ஒரு நியாயமா?" அத்தை தம்பியைப் பார்த்தாள். நல்லசிவம் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். எழுந்திருக்கப் போகிறவர் செய்கிற காரியம் அது.

செழியனுக்குத் தப்பிக்க வழி இல்லாமல் இல்லை. பட்டை பழசாகிவிட்டது, கைப்பையில் கிடந்து சூட்டில் கெட்டுப்போயிற்று என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மீட்டரை எடுத்துவந்து காட்டினால் அவர்கள் நம்புவார்கள். வீடும் தப்பிக்கும், தொழிலும் தப்பிக்கும், பிரீத்திகாவும் கிடைப்பாள். பட்டைக்கு வாயா இருக்கிறது, மறுத்துப் பேச? சொல்லிவிடலாம் என்று நிமிர்ந்தான்.

அத்தையின் தலைக்கு மேலே சுவரில் காலண்டர் தொங்கியது. மாமா பிரஸ்ஸின் இந்த வருஷத்துக் காலண்டர், மதுரை மீனாட்சி. அம்மன் கையில் கிளி. அந்தக் கிளியின் பச்சையையும் அத்தை கையிலிருந்த அட்டையின் முதல் கட்டத்தையும் செழியன் மாறி மாறிப் பார்த்தான். ஒரே பச்சை. அம்மன் கழுத்து நகையின் மஞ்சள்தான் இரண்டாவது கட்டம். பின்னால் இருந்த அந்தி வானத்தின் நிறம் மூன்றாவது, பட்டுச்சீலையின் சிவப்பு நான்காவது.

"மாமா, அட்டைய எதுகூடப் போட்டு ஓட்டினீக?"

"மீனாட்சி ஓரத்துலதாம்லே. எடம் சும்மா கெடந்துச்சு. நீ குடுத்த கலரு செத்துப்போயிக் கெடந்துச்சா, நான்தான் அம்மனுக்குக் குடுத்த கலரையே குடுத்து உசுரு வர வச்சேன்."

உலகத்தில் எந்தத் தண்ணீரில் முக்கினாலும் அந்தப் பட்டை மீனாட்சியின் கிளியாக மாறாது. எந்த வீட்டுக்கும் முதல் கட்டம் கிடைக்க வழியே இல்லை. இது புரிந்த பிறகு அந்தப் பொய்யைச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. உள்ளே போய் அலமாரியிலிருந்து கம்பெனியின் மாதிரி அட்டையையும் புதுப் பட்டை ஒன்றையும் எடுத்துவந்தான். அவர்கள் கண் முன்னாலேயே சொம்பில் முக்கி மாதிரி அட்டையில் வைத்தான். முதல் கட்டத்தின் மேல் வைத்த பட்டை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது, அப்படிச் சேர்ந்துகொண்டது.

"அப்ப உங்க தண்ணி நல்ல தண்ணிதானா?" என்றாள் அத்தை, நிம்மதியாக.

"நல்ல தண்ணிதான் அத்தை. அட்டைதான் தப்பு. நான் ஊர்பூராக் குடுத்த அம்புட்டு அட்டையும் தப்பு. மாமாவச் சொல்லிக் குத்தமில்ல, நான் சரிபாத்திருக்கணும், பாக்கல."

நல்லசிவம் முதல்முறையாக வாயைத் திறந்தார். "அப்ப அந்தச் சாத்தூர் வீடு?"

இதைச் சொன்னால் தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்கிற கதை என்று செழியனுக்குத் தெரிந்தது. ஆனாலும் சொன்னான். "தண்ணியைப் பொறுத்தமட்டுல அதுவும் நல்ல வீடாத்தான் இருந்திருக்கும். அச்சங்குளமும் அப்படித்தான்."

"அய்யய்யோ!" முத்துச்செல்வி நெஞ்சில் கைவைத்துச் சோபாவில் சாய்ந்தாள். "அச்சங்குளத்துப் பையன் சொந்தமாக் கம்பெனி வச்சிருந்தானேடா! தங்கமான பையன்! ஒரு காகிதத்த நம்பி வேண்டாம்னுட்டு வந்தேனே!"

"உங்க வீட்டுத் தண்ணிய ஒருக்காப் பாத்திருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும் மதினி" என்றாள் அம்மா.

"எங்க வீட்டுத் தண்ணிய எதுக்குப் பாக்கணும்? அதான் இம்புட்டுக் காலமாக் குடிச்சுக்கிட்டு இருக்கோமே!"

இந்த நேரம் பார்த்து அத்தையின் போன் அடித்தது. வீடியோ அழைப்பில் பிரீத்திகா. காரியாபட்டியில் இருந்துகொண்டு இருப்புக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அத்தை ஒன்று விடாமல் ஒப்பித்தாள், அச்சங்குளத்துப் பையனின் கம்பெனி உட்பட. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள், "போனை அவுககிட்டக் குடுங்க அத்தை" என்றாள்.

செழியன் போனை வாங்கினான்.

"அட்டை தப்புன்னு எப்பத் தெரிஞ்சுச்சு?"

"இப்பத்தான். காலண்டரப் பாத்ததும்."

"பட்டை கெட்டுப்போச்சுன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம்ல?"

"தோணுச்சு. சொல்லத்தான் வாயத் தெறந்தேன்."

கூடத்தில் எல்லோருக்கும் கேட்டது. மாமா தலையில் அடித்துக்கொண்டார். போனுக்குள் பிரீத்திகா சிரிப்பை அடக்குவது தெரிந்தது.

"இந்த உறைய வாங்குனவுகளுக்கு என்ன சொல்லப்போறீக?"

"நாளைக்கு மொதல் வேலையா என்னக் கூப்பிட்ட அத்தன பேருக்கும் போன் போட்டுச் சொல்லிருவேன். கடையிலயும் பலகை எழுதி வைக்கச் சொல்றேன். அப்புறம் யாரு கூப்பிடுவாகளோ, தெரியல."

"சரி. தண்ணி பாத்தாச்சு. தண்ணி மட்டுமா வீடு? உங்க வீட்டுல வேற என்ன குறை? கேட்டுட்டேன், சொல்லுங்க."

செழியன் அம்மாவைப் பார்த்தான். வேண்டாம்லே என்று அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். அவன் போனைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நடந்தான். நல்லசிவமும் எழுந்து பின்னாலேயே வந்தார்.

"இது அடுப்படி சன்ஷேடு, விரிசல் விட்டிருக்கு. கம்பி துருப்பிடிச்சிருச்சு, இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்காது. இந்த ரூம்ல எர்த் இல்ல. ஊருக்கெல்லாம் எர்த் போடச் சொல்றேன், எங்க வீட்டுல போடல. பாத்ரூம்ல வாட்டம் தப்பு, குளிச்ச தண்ணி வாசலப் பாத்து வரும்."

"ஏலே, போதும்லே!" அம்மாவால் தாங்க முடியவில்லை. "வீடு பாக்க வந்தவுககிட்ட எவனாச்சும் பாத்ரூம் தண்ணியப் பத்திப் பேசுவானா?"

"பேசட்டும்மா" என்றார் நல்லசிவம். குனிந்து பாத்ரூம் தரையைப் பார்த்தார். சன்ஷேடின் விரிசலில் விரலை வைத்துப் பார்த்தார். செழியன் சொன்னது ஒவ்வொன்றும் சொன்னபடியே இருந்தது. பிறகு கூடத்துக்குத் திரும்பிவந்து உட்கார்ந்தார்.

போனிலிருந்து பிரீத்திகாவின் குரல் வந்தது. "பாத்ரூம் வாட்டத்த மட்டும் கல்யாணத்துக்கு முந்திச் சரிபண்ணிருங்க. மத்தத நான் வந்து பாத்துக்கிடுதேன்."

செழியனுக்குக் காது வரை சூடு ஏறியது. முத்துச்செல்வி தம்பியைப் பார்த்தாள். அச்சங்குளத்துக் கம்பெனி அவள் கண்ணில் ஒருமுறை மின்னி மறைந்தது.

நல்லசிவம் மேஜை மேல் இருந்த வெள்ளிச் சொம்பை எடுத்தார். இரண்டு பட்டை முக்கின தண்ணீரை ஜன்னல் வழியாகச் செடிக்கு ஊற்றினார். காலிச் சொம்பை அம்மாவிடம் நீட்டினார்.

"வேற தண்ணி கொண்டாங்கம்மா. கை நனைக்கணும்."